பறிமுதல் அறிவிப்பு கைக்கு வந்தால்: உரிமையிழப்பை எதிர்கொள்ளப் படிப்படியான வழிகாட்டி

ஒருவர் தம் கடமையைத் தவறியதற்காகவோ சட்டத்தை மீறியதற்காகவோ, தமக்குச் சொந்தமான பொருளை, பணத்தை அல்லது உரிமையை எந்த ஈடும் பெறாமல் நிரந்தரமாக இழக்க நேர்வதே சட்டம் பேசும் பறிமுதல். கிரயத்துக்குக் கொடுத்த அச்சாரம் திரும்பாமல் போவது, நிபந்தனையை மீறியதால் குத்தகை முடிவுக்கு வருவது, பங்கு விலையின் பாக்கியாகக் கேட்கப்படும் அழைப்புத் தொகை கட்டாத பங்குகளை நிறுவனமே எடுத்துக்கொள்வது, இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்துறை தன்வசமாக்குவது, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாமல் போவது ஆகியவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றலாம். ஆனால் அடிப்படைக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அப்படியோர் அறிவிப்பை முதன்முறையாகப் பெற்றவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அறிவிப்பைப் படித்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தவறு நடந்த கணத்திலேயே சொத்து தானாகக் கைமாறிவிடுவது சட்டத்தில் அரிது. தவறுக்கும் இழப்புக்கும் நடுவே அறிவிப்பு, விளக்கம் சொல்லும் வாய்ப்பு, அதிகாரம் உள்ளவரின் முடிவு, மேல்முறையீடு எனச் சில கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. இழப்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு முழுவதும் இந்தக் கட்டங்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது. கெடுவுக்குள் உரிய அதிகாரியிடம் உரிய பதிலைக் கொடுத்தவருக்கு வழி திறந்திருக்கும். கெடுவைத் தவறவிட்டவருக்கு, நியாயம் முழுவதும் அவர் பக்கமே இருந்தாலும், பல கதவுகள் அடைபட்டுவிடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கீழே இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் சட்டங்களை எடுத்துக்காட்டுகளாகத் தருகிறேன். வாசகர் தம் நாட்டில் அதற்கு இணையான விதி எது என்று தேடிப் பார்க்க வேண்டும். தேட வேண்டியது எதை என்பதைச் சொல்வதே இங்கு நோக்கம்.

முதல் படி: நடந்திருப்பது உண்மையில் பறிமுதல்தானா என்று பார்ப்பது

ஒரு பொருளை அதிகாரி எடுத்துச் சென்றுவிட்டதாலேயே அது பறிமுதல் ஆகிவிடாது. கைப்பற்றுதல், முடக்குதல், ஜப்தி ஆகியவை தற்காலிகமானவை. பொருள் இன்னும் உரிமையாளருக்கே சொந்தம், அவர் அதைப் பயன்படுத்தவோ விற்கவோ மட்டுமே முடியாது. பறிமுதலில்தான் உரிமையே போகிறது. ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, 2003-ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது, இந்த இரண்டையும் தன் இரண்டாம் விதியிலேயே பிரித்துக் காட்டுகிறது: முடக்கமும் கைப்பற்றுதலும் தற்காலிகத் தடைகள், பறிமுதல் என்பது நீதிமன்றத்தின் அல்லது அதிகாரம் பெற்ற வேறோர் அமைப்பின் ஆணையால் சொத்தை நிரந்தரமாக இழப்பது.

நடைமுறையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி அதிகாரி ஒருவர் இடைக்காலமாக ஒரு சொத்தை முடக்கினால், அந்த முடக்கம் 180 நாள்களுக்கு மேல் தானாக நீடிக்காது. அதற்குள் தீர்ப்பு வழங்கும் அமைப்பு அதை உறுதி செய்தாக வேண்டும். உறுதி செய்யும் முன், அந்தச் சொத்தை எந்த வருமானத்தைக் கொண்டு வாங்கினார் என்று விளக்க உரியவருக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கு முடங்கியதைக் கண்டு பணம் போய்விட்டது என்று நினைத்து அந்த 30 நாளையும் வீணாக்குபவர், இன்னும் தமக்கே சொந்தமாக இருக்கும் பணத்தைக் கைவிடுகிறார்.

இன்னும் சில வேறுபாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். பொதுத் தேவைக்காக அரசு நிலம் எடுத்தால் இழப்பீடு உண்டு. அது நிலம் எடுப்பு, பறிமுதல் அன்று. அபராதம் என்பது ஒரு தொகையைக் கட்டச் சொல்வது. குறிப்பிட்ட பொருளை எடுத்துக்கொள்வதில்லை. கால வரம்பு கடந்ததால் ஓர் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாமல் போவது காலாவதி. ஒருவர் தாமே விரும்பி உரிமையை விட்டுக்கொடுப்பது உரிமைத் துறப்பு. கையில் இருக்கும் கடிதம் இவற்றில் எதைச் சேர்ந்தது என்று தெரியாமல் பதில் எழுத உட்காரக் கூடாது.

இரண்டாம் படி: பறிமுதல் செய்யும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது

அதிகாரத்தின் மூலம் ஒப்பந்தமாக இருக்கலாம், சட்டமாக இருக்கலாம், அல்லது நீதிமன்றங்கள் காலப்போக்கில் உருவாக்கிய ஒரு கோட்பாடாக இருக்கலாம். ஒப்பந்தம் என்றால், எந்தப் பிரிவு என்று எதிர்த்தரப்பு சுட்டிக்காட்ட வேண்டும். அந்தப் பிரிவில் பறிமுதல் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, எந்தத் தவறுக்கு என்று எழுதியிருக்கிறது, முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதா என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும். பறிமுதல் பிரிவுகளை நீதிமன்றங்கள் குறுக்கியே பொருள்கொள்ளும். வாசகத்தில் ஐயம் எழுந்தால் அதன் பலன் பொதுவாக இழப்பவர் பக்கம் சாயும். சட்டம் என்றால், அறிவிப்பில் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்க வேண்டும். அனுப்பியவர் அந்தச் சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற நிலையில் இருப்பவரா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வாரிசுரிமை. பாட்டனாரின் உயிலில் தமக்குச் சொத்து எழுதியிருப்பதை அறிந்து, அவர் உயிலை மாற்றிவிடுவாரோ என்று அஞ்சி அவரைக் கொன்ற பேரனுக்கு அந்தச் சொத்து கிடைக்குமா என்ற கேள்வி 1889-இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. எழுத்துப்படி அப்போதைய சட்டத்தில் தடையேதும் இல்லை. இருந்தும் எவரும் தம் குற்றத்தால் பலன் அடையக் கூடாது என்று சொல்லி நீதிமன்றம் பேரனின் உரிமையை மறுத்தது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இதையே எழுத்தில் வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1982-ஆம் ஆண்டுச் சட்டம், திட்டமிட்ட கொலை அல்லாத மரண வழக்குகளில், சூழ்நிலையைப் பார்த்து இந்த இழப்பைத் தளர்த்தும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தந்தது. நெடுங்காலம் அடிபட்டுக் கிடந்த மனைவி கணவனின் மரணத்துக்குக் காரணமாகிவிடும் வழக்குகளில் இந்த அதிகாரத்தின் அருமை தெரியும்.

மூன்றாம் படி: தேதிகளை எழுதிவைப்பது

எல்லாப் படிகளிலும் இதையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு தனித்தாளில் ஐந்து தேதிகளை எழுதுங்கள்: தவறு நடந்ததாகச் சொல்லப்படும் நாள், பொருள் கைப்பற்றப்பட்ட நாள், அறிவிப்பில் அச்சிட்டிருக்கும் நாள், அது உங்கள் கைக்கு வந்த நாள், பதிலுக்கான கடைசி நாள். கைக்கு வந்த நாளுக்குச் சான்றாகத் தபால் உறையை முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

கெடு உங்களுக்கு மட்டும் உரியதன்று, எதிர்த்தரப்புக்கும் உண்டு. இந்தியச் சுங்கச் சட்டம், 1962, இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சரக்கு கைப்பற்றப்பட்ட ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்கும் அறிவிப்பு கொடுக்கப்படாவிட்டால் சரக்கைத் திருப்பித் தர வேண்டும் என்று 110-ஆம் பிரிவு சொல்கிறது. மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் பதிந்து, முதல் ஆறு மாதம் முடியும் முன்பே உரியவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு நிறைவேறிய பறிமுதல் சீர்திருத்தச் சட்டத்தின்படி, மத்திய அரசின் அமைப்பு நீதிமன்றம் செல்லாமல் பறிமுதல் செய்யும் வழக்குகளில், பொதுவாகக் கைப்பற்றிய 60 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். உரிமை கோருவதற்கான கடைசி நாள், அறிவிப்புக் கடிதம் அஞ்சலிட்ட நாளிலிருந்து 35 நாளுக்குக் குறைவாக இருக்கக் கூடாது. உரிமை கோரிக்கை வந்தபின் 90 நாள்களுக்குள் அரசு நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆகவே தேதித்தாளில் எதிர்த்தரப்பின் கெடுவையும் சேர்த்து எழுதுங்கள். அதிகாரியின் தாமதமே ஒருவருடைய மிக வலுவான வாதமாக அமைவதுண்டு.

கட்டணம் செலுத்தத் தவறியதால் உரிமை போகும் வகைகளில் சலுகைக் காலம் உண்டா என்று உடனே பாருங்கள். காப்புரிமை போன்ற தொழிற்சொத்துரிமைகளின் பராமரிப்புக் கட்டணத்துக்குக் குறைந்தது ஆறு மாதச் சலுகைக் காலம் தரப்பட வேண்டும் என்று பாரிஸ் உடன்படிக்கை தன் உறுப்பு நாடுகளுக்கு விதித்திருக்கிறது; கூடுதல் கட்டணம் கேட்கப்படலாம், ஆனால் உரிமை உயிரோடு இருக்கும்.

நான்காம் படி: அறிவிப்பையே சோதிப்பது

தேதிகள் கைவசமான பிறகு, அறிவிப்பின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். எந்தத் தவறு என்று திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறதா? சரிசெய்யக்கூடிய தவறு என்றால் சரிசெய்யும்படி கேட்டிருக்கிறதா? அதற்குப் போதிய அவகாசம் தரப்பட்டதா? எதை இழப்பீர்கள் என்று எச்சரித்திருக்கிறதா?

இந்தக் கேள்விகள் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. இந்தியாவின் சொத்து மாற்றச் சட்டம், 1882, 111-ஆம் பிரிவின்படி, குத்தகைதாரர் நிபந்தனையை மீறினாலே குத்தகை முடிந்துவிடாது. மீறினால் சொத்தின் உரிமையாளருக்கு மீண்டும் உள்ளே நுழையும் உரிமை உண்டு என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். குத்தகையை முடிக்கும் எண்ணத்தை உரிமையாளர் எழுத்துமூலம் அறிவித்தும் இருக்க வேண்டும். 114-அ பிரிவு மேலும் ஒரு படி போகிறது: வழக்குத் தொடுக்கும் முன் எந்த மீறல் என்று குறிப்பிட்டு, சரிசெய்ய முடிந்ததானால் சரிசெய்யும்படி கேட்டு, நியாயமான அவகாசம் கொடுத்தாக வேண்டும். உள்குத்தகைக்கு விடக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளுக்கும் வாடகை பாக்கிக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நடைமுறையில் இருக்கும் இடங்களில் அவற்றின் விதிகள் முன்னே நிற்கும்.

பங்குகளிலும் இதே ஒழுங்கைக் காணலாம். இந்திய நிறுவனச் சட்டம், 2013, தரும் மாதிரி விதிகளின்படி, அழைப்புத் தொகை கட்டாதவருக்கு நிறுவனம் முதலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது சேர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குக் குறையாத ஒரு கடைசி நாளைக் குறிக்க வேண்டும். கட்டாவிட்டால் பங்குகள் பறிபோகும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகே இயக்குநர் குழு தீர்மானம் நிறைவேற்ற முடியும். இதில் ஒரு கண்ணி விடுபட்டாலும் பறிமுதல் செல்லாது என்று வாதிட இடம் உண்டு. தவறு நடந்தது உண்மை என்று ஒப்புக்கொள்பவருக்கும் இந்த வாதம் திறந்திருக்கிறது என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை.

ஐந்தாம் படி: பறிபோகும் தொகை எப்படிப்பட்டது என்று ஆராய்வது

ஒப்பந்தத்தை முறித்ததற்காகப் பணம் பறிபோகும் வழக்குகளே சாதாரண மனிதர் வாழ்க்கையில் அதிகம் குறுக்கிடுபவை. ஆகவே இந்தப் படியில் சற்று நின்று பேச வேண்டும்.

முதலில் கொடுத்த பணம் எல்லாம் ஒன்றல்ல. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்ற உறுதிக்கு அடையாளமாகக் கொடுப்பது அச்சாரம். ஒப்பந்தம் நிறைவேறினால் அது விலையில் சேரும், கொடுத்தவர் பின்வாங்கினால் போகும். கடமையைச் சரியாகச் செய்வதற்கு ஈடாக வைப்பது காப்புத்தொகை. விலையின் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவது முன்பணம். ஒப்பந்தத்தில் எந்தப் பெயர் சூட்டியிருந்தாலும், நீதிமன்றம் அந்தப் பணம் உண்மையில் ஆற்றிய வேலையைத்தான் பார்க்கும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 74-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிப்பிடப்பட்டிருந்தாலும், முறித்தவரிடமிருந்து பெறக்கூடியது அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீன் ஆகியவையும் வழங்க ஒப்புக்கொண்ட ஓர் ஒப்பந்ததாரர் தவறியபோது அரசு அவருடைய காப்புத்தொகையைப் பறிமுதல் செய்தது. 1969-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பறிமுதலை ஏற்கவில்லை: அந்தப் பணம் அச்சாரம் அன்று, இழப்பு எவ்வளவு என்று கணக்கிட முடிந்த நிலையில் அரசு அதை நிரூபிக்கவில்லை. அதேசமயம், நியாயமான அளவில் இருக்கும் அச்சாரத்தைப் பறிமுதல் செய்வது தண்டனையாகாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அச்சாரம் என்றாலும் எல்லை உண்டு என்பதை 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று காட்டியது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலம் விட்ட மனையை கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் 3.12 கோடி ரூபாய்க்கு எடுத்து, நான்கில் ஒரு பங்காக 78 லட்சம் கட்டியது. மீதித் தொகை குறித்துப் பல ஆண்டுகள் கடிதங்கள் நடந்தபின் ஆணையம் ஒதுக்கீட்டை ரத்து செய்து 78 லட்சத்தையும் எடுத்துக்கொண்டது. பிறகு அதே மனையை மறுஏலத்தில் 11.78 கோடிக்கு விற்றது. ஆணையத்துக்கு நட்டம் ஏற்படவில்லை, லாபமே கிடைத்தது. நட்டமே இல்லாத இடத்தில் நியாயமான இழப்பீடு என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஜமைக்காவிலிருந்து, லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு வந்து 1993-இல் முடிந்த வழக்கில், விற்பவர் விலையில் 25 விழுக்காட்டை அச்சாரமாகப் பெற்றிருந்தார். வழக்கமான அளவு 10 விழுக்காடு. அதற்கு மேல் அச்சாரம் கேட்கும் விற்பவர் அதற்குச் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும் என்று கவுன்சில் சொன்னது. காரணம் காட்டப்படாததால், கூடுதலான 15 விழுக்காட்டை மட்டும் திருப்பித் தரச் சொல்லாமல், அச்சாரம் முழுவதையுமே திருப்பித் தரச் சொன்னது. விற்பவர் தமக்கு நட்டம் உண்டென நிரூபித்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறிக் கேட்பவர் அளவோடு கிடைத்திருக்கக்கூடியதையும் இழக்கிறார் என்பது இங்கே விளங்கும்.

ஆகவே பணம் பறிபோகும் அறிவிப்புக்குப் பதில் எழுதும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அந்தத் தொகை மொத்த விலையில் எத்தனை விழுக்காடு? எதிர்த்தரப்புக்கு நிகழ்ந்த நட்டம் எவ்வளவு? அதே பொருளை அவர் பிறகு யாருக்கு, என்ன விலைக்கு விற்றார்? மூன்றாவது கேள்விக்கான விடை பல நேரங்களில் பதிவு அலுவலகத்திலேயே கிடைக்கும்.

ஆறாம் படி: எதிர்த்தரப்பின் நடத்தையைத் திரும்பிப் பார்ப்பது

தவறு நடந்தது தெரிந்த பிறகும், ஒப்பந்தம் தொடர்வது போலவே எதிர்த்தரப்பு நடந்துகொண்டிருந்தால், பறிமுதல் செய்யும் உரிமையை அவர் விட்டுக்கொடுத்துவிட்டதாகக் கொள்ளப்படலாம். சொத்து மாற்றச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: மீறலை அறிந்த உரிமையாளர், மீறலுக்குப் பிந்திய காலத்து வாடகையை வாங்கிக்கொண்டால் குத்தகை உயிரோடு இருப்பதாக அவரே ஏற்கிறார். ஆனால் வெளியேற்றக் கோரி வழக்குத் தொடுத்த பிறகு வாங்கும் வாடகை இந்த விளைவைத் தராது. எனவே வாடகை ரசீது, வங்கிப் பரிமாற்றப் பதிவு, அவகாசம் தந்து எழுதிய கடிதம், கைப்பேசிச் செய்தி என அனைத்தையும் தேதிவாரியாக அடுக்கி, வழக்கு நாளுக்கு முன் நடந்தவற்றையும் பின் நடந்தவற்றையும் பிரித்து வையுங்கள்.

ஏழாம் படி: உரியவர் குற்றமற்றவரா, இழப்பு தவறுக்கு ஏற்றதா என்று பார்ப்பது

குற்றத்தோடு தொடர்புடைய பறிமுதலில் இந்த இரண்டு கேள்விகளும் எழும். இவற்றுக்கு நெடிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஒரு மனிதரின் மரணத்துக்குக் காரணமான பொருள், அது வண்டியானாலும் விலங்கானாலும், அரசருக்குப் போய்விடும் என்ற பழைய விதி இருந்தது; பொருளின் உரிமையாளர் தவறு செய்தாரா என்பது கேள்வியே அன்று. ரயில் விபத்துகள் பெருகிய காலத்தில் நடுவர் குழுக்கள் இந்த விதியை ரயில் நிறுவனங்கள்மீது பயன்படுத்தத் தொடங்க, 1846-இல் அது ஒழிக்கப்பட்டது. தேசத்துரோகத்துக்கும் பெருங்குற்றத்துக்கும் தண்டனை பெற்றவரின் சொத்து முழுவதும் பறிபோகும் வழக்கம் 1870-இல் நீங்கியது. அமெரிக்க அரசியலமைப்பு 1787-இலேயே, துரோகக் குற்றவாளியின் சொத்துப் பறிமுதல் அவருடைய ஆயுளுக்கு அப்பால் நீளக் கூடாது என்று விதித்தது. தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளைகள் வறுமைப்படுவதை மனிதர்கள் பல நூற்றாண்டு பொறுத்துக்கொண்டு, பிறகுதான் மாற்றினார்கள். அந்த மாற்றம் இன்றும் முழுமையடைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், கணவன் குற்றத்துக்குப் பயன்படுத்திய காரில் மனைவிக்கும் பங்கு இருந்தது. அவருக்கு எதுவும் தெரியாது. இருந்தும் அவருடைய பங்கைச் சேர்த்தே பறிமுதல் செய்வதை அரசியலமைப்பு தடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த சீர்திருத்தச் சட்டம், மத்திய அரசின் பறிமுதல்களில், அறியாத உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பைத் தந்தது. ஆனால் தாம் அறியவில்லை அல்லது அறிந்தவுடன் தடுக்க முயன்றேன் என்று நிரூபிக்கும் சுமை அவர்மீதே விழுகிறது. எனவே பொருள் உங்களுடையது, தவறு இன்னொருவருடையது என்றால், உரிமையைக் காட்டும் ஆவணத்தோடு, அந்தப் பொருளை எதற்காக, எந்த நிபந்தனையில் கொடுத்தீர்கள் என்பதற்கான சான்றையும் திரட்ட வேண்டும். வங்கியிடமும் நிதி நிறுவனத்திடமும் கடன் நிலுவையில் உள்ள வாகனம் என்றால் அவர்களும் ஒரு தரப்பு. அவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள்.

அளவைப் பற்றிய கேள்விக்கு 2019-இல் ஒரு முக்கியத் தீர்ப்பு வந்தது. இந்தியானா மாநிலத்தில் போதைப்பொருள் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவரின் சுமார் 42,000 டாலர் மதிப்புள்ள வாகனத்தை மாநிலம் பறிமுதல் செய்ய முயன்றது. அந்தக் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதமோ 10,000 டாலர்தான். அளவு மீறிய அபராதங்களுக்கு எதிரான அரசியலமைப்புத் தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இப்படிப்பட்ட தடை எழுத்தில் இல்லாவிட்டாலும், அதிகபட்ச அபராதம் எவ்வளவு, பறிபோகும் பொருளின் மதிப்பு எவ்வளவு என்ற ஒப்பீட்டைப் பதிலில் எண்களோடு வையுங்கள்.

எட்டாம் படி: பதில் எழுதுவது

பதில் கோபமாகவும் இருக்கக் கூடாது, கெஞ்சலாகவும் இருக்கக் கூடாது. அறிவிப்பின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டுத் தொடங்குங்கள். அறிவிப்பின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக, ஏற்கிறேன், மறுக்கிறேன், எனக்குத் தெரியாது என்று மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். மறுக்காமல் விட்ட செய்தி ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் ஆபத்து எப்போதும் உண்டு. அதன்பின் உங்கள் வாதங்களை வலிமையின் வரிசையில் வையுங்கள்: அதிகாரம் இல்லை, கெடு கடந்துவிட்டது, அறிவிப்பில் குறை, தவறு நடக்கவில்லை, உரிமை விட்டுக்கொடுக்கப்பட்டது, இழப்பு அளவு மீறியது. ஒன்றை நம்பி மற்றவற்றை விட்டுவிடாமல், முதல் வாதம் ஏற்கப்படாவிட்டால் அடுத்தது என்ற முறையில் எல்லாவற்றையும் எழுதலாம்.

எதிர்த்தரப்பு நம்பியிருக்கும் ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதும் பதிவான மகஜர் எழுதப்பட்டிருந்தால் அதன் நகலும் அதில் சேரும். நேரில் விசாரணை வேண்டும் என்று வெளிப்படையாகக் கோருங்கள். இந்தியச் சுங்கச் சட்டத்தின் 124-ஆம் பிரிவு, காரணங்களைத் தெரிவிக்கும் அறிவிப்பு, எழுத்தில் பதில் தரும் வாய்ப்பு, நியாயமான விசாரணை வாய்ப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் சரக்கைப் பறிமுதல் செய்யவோ அபராதம் விதிக்கவோ கூடாது என்கிறது. இவற்றில் ஒன்று மறுக்கப்பட்டால், நீங்கள் கேட்டதற்கான எழுத்துச் சான்று மேல்முறையீட்டில் பெரிதும் உதவும்.

பாக்கியைக் கட்ட நேர்ந்தால், என் உரிமைகளுக்குக் குந்தகமின்றிக் கட்டுகிறேன் என்று எழுதிக் கட்டுங்கள். வெற்றுத் தாளிலோ புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்திலோ கையெழுத்திடாதீர்கள்; உரிமையைத் துறக்கும் படிவத்தைக் காட்டி, கையெழுத்திட்டால் விட்டுவிடுவோம் என்று சொல்லப்பட்டால், வழக்கறிஞரைக் கலந்து பேச அவகாசம் கேளுங்கள். குற்ற வழக்கும் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தால், பறிமுதல் பதிலில் எழுதும் ஒரு வரி அங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். அந்த நிலையில் வழக்கறிஞர் இல்லாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான அறிவுரை.

ஒன்பதாம் படி: மீட்கும் வழியைக் கேட்பது

வாதத்தில் தோற்றாலும் சொத்தை மீட்க வழி இருக்கலாம். வாடகை பாக்கிக்காகக் குத்தகை முடிந்த வழக்கில், விசாரணையின்போது பாக்கியை வட்டியோடும் முழு வழக்குச் செலவோடும் கட்டினால், அல்லது 15 நாளுக்குள் கட்டுவதற்குப் பிணை கொடுத்தால், நீதிமன்றம் குத்தகையைத் தொடரச் செய்யலாம் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு இடம் தருகிறது. சுங்கத்தில், இறக்குமதி தடைசெய்யப்படாத சரக்கு என்றால், பறிமுதலுக்குப் பதிலாக மீட்புத் தொகை கட்டி எடுத்துச் செல்லும் வாய்ப்பை அதிகாரி தந்தே ஆக வேண்டும். தடைசெய்யப்பட்ட சரக்குக்குத் தரலாம், தராமலும் இருக்கலாம். அந்தத் தொகையை 120 நாளுக்குள் கட்டாவிட்டால், மேல்முறையீடு நிலுவையில் இல்லாத நிலையில், வாய்ப்பு போய்விடும்.

ஜாமீனுக்குப் பிணையாக நின்றவர், குற்றம்சாட்டப்பட்டவர் வராமல் போனதால் பிணைத்தொகையை இழக்கும் நிலைக்கு வந்தால், தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அவரைத் தேடிப் பிடிக்க எடுத்த முயற்சிகளுக்குச் சான்று வேண்டும். ஆயுள் காப்பீட்டில் தவணை நின்றுபோனவர், பாலிசியை இடையில் முடித்துக்கொண்டால் திரும்பக் கிடைக்கும் சரண் மதிப்பு உண்டா, கட்டியது வரைக்குமான குறைந்த தொகைக்குப் பாலிசி தொடருமா, புதுப்பிக்க எத்தனை காலம் உண்டு என்ற மூன்றையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

பத்தாம் படி: ஆணை வந்த பிறகு

ஆணையின் சான்றிட்ட நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்; மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் ஆணை உங்களைச் சேர்ந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். இந்தியச் சுங்க ஆணைக்கு எதிராக ஆணையரிடம் மேல்முறையிட 60 நாள், போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாள். பணமோசடிச் சட்டத்தின்கீழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 45 நாள். மேல்முறையீடு செய்ததாலேயே ஆணை நின்றுவிடாது. பொருளை விற்கவோ அழிக்கவோ கூடாது என்று தனியாக இடைக்காலத் தடை கோர வேண்டும். அழுகும் பொருள், விரைவாக மதிப்பிழக்கும் வாகனம் போன்றவற்றில், விற்பனைத் தொகையைத் தனிக்கணக்கில் வைத்திருக்கும்படியாவது கேட்கலாம்.

பறிமுதல் நிலைத்துவிட்டால் கடனும் அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன மாதிரி விதிகளின்படி, பங்குகளை இழந்தவர் உறுப்பினராக இருப்பதில்லை, ஆனால் பறிமுதல் நாளன்று பாக்கியிருந்த தொகையைக் கட்டும் பொறுப்பு அவர்மீது தொடரும். குத்தகையை இழந்தவருக்கு அதுவரையிலான வாடகை பாக்கி இருக்கும். எதிர்த்தரப்பு எவ்வளவு கேட்கிறது, பறிபோன சொத்தின் மதிப்பு அதில் கழிக்கப்பட்டதா என்று கணக்கு கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பொருள் உங்களிடம் திரும்பி வரும் நிலை ஏற்பட்டால், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் முன் மகஜரில் எழுதியுள்ள விவரத்தோடு அதை ஒப்பிட்டு, குறையோ சேதமோ கண்டால் அதை அந்தப் பெறுகைச் சீட்டிலேயே எழுதி, நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.